கொலஸ்ட்ரால் ஒன்றுதான், அதைச் சுமக்கும் துகள்களே வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கொலஸ்ட்ரால் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதனுடன் பச்சை, சிவப்பு வண்ணங்களில் அச்சிடப்பட்டிருந்த கட்டத்தையும் படித்தேன். மாரடைப்பைப் பற்றி வாசகரை மிரட்டாமல் எழுதியிருந்ததற்காகக் கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆயினும், அதில் இடம்பெற்ற மூன்று கருத்துகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. இரத்தத்தில் நல்லது, கெட்டது என இரண்டு வகைக் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பது முதலாவது. நாம் உண்ணும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து, தண்ணீர்க் குழாயில் பாசி படிவதுபோலத் தமனிகளில் படிந்து அடைக்கிறது என்பது இரண்டாவது. நல்ல கொலஸ்ட்ரால் போதிய அளவில் இருப்பவர், கெட்டது சற்றுக் கூடினாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்பது மூன்றாவது. கொழுப்பு இரத்தத்தில் எவ்வாறு எடுத்துச் செல்லப்படுகிறது என்பதைக் கட்டுரை எங்குமே சொல்லவில்லை. இம்மூன்று பிழைகளும் அந்த இடைவெளியில் இருந்தே பிறந்திருக்கின்றன. மருத்துவ ஆய்வகத்தில் நாள்தோறும் இரத்த மாதிரிகளைக் கையாள்பவன் என்ற முறையில் அதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கொழுப்போ தண்ணீரில் கரையாது. குளுக்கோஸைப்போல, உப்பைப்போலக் கரைந்து ஓட முடியாத ஒரு பொருளைக் குடலில் இருந்து தசைக்கும், கல்லீரலில் இருந்து பிற உறுப்புகளுக்கும் கொண்டு சேர்க்க வேண்டும் என்றால், அதைத் தண்ணீரோடு ஒத்துப்போகும் ஓர் உறைக்குள் வைத்துத்தான் அனுப்ப முடியும். அவ்வாறு உறையிடப்பட்ட நுண்துகள்களே லிப்போபுரோட்டீன்கள். இவற்றின் உட்பகுதியில், உணவுக் கொழுப்பின் பெரும்பகுதியான, தண்ணீரை அறவே ஒதுக்கும் டிரைகிளிசரைடும், கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த கொலஸ்ட்ராலும் அடைபட்டிருக்கின்றன. வெளியே ஒற்றை அடுக்காகப் பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள், தண்ணீரை விரும்பும் தலையை வெளிப்புறமும் கொழுப்பை விரும்பும் வாலை உட்புறமும் வைத்து நிற்கின்றன. அவற்றிடையே பிணைப்பில்லாத கொலஸ்ட்ரால் சிறிதளவு செருகியிருக்கிறது. இந்த உறையின் மேல் அப்போபுரோட்டீன் எனப்படும் புரதங்கள் அமர்ந்திருக்கின்றன. துகளுக்கு உருவம் தருவதும், எந்த நொதி அதன்மேல் வேலை செய்யலாம், எந்தச் செல் அதை உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அந்தப் புரதங்களே.

இந்தத் துகள்களைப் பிரித்தறியும் வழி 1950ஆம் ஆண்டையொட்டித்தான் தெளிவாக அமைந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் காஃப்மன் குழுவினர், அதிவேகத்தில் சுழலும் மையவிலக்குக் கருவியில் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை, சுழற்றி, அடர்த்தியைக் கொண்டு அவற்றை வகை பிரித்தார்கள். கட்டுரை கெட்டது என்று சுட்டும் எல்.டி.எல். என்பது குறைந்த அடர்த்தி கொண்ட லிப்போபுரோட்டீன், நல்லது என்று சுட்டும் எச்.டி.எல். என்பது மிகுந்த அடர்த்தி கொண்டது. புரதம் கூடக்கூட அடர்த்தி கூடும், கொழுப்பு கூடக்கூடத் துகள் இலேசாகும். எச்.டி.எல்.லில் ஏறத்தாழப் பாதி புரதம். ஆகவே, பரிசோதனை அறிக்கையில் எச்.டி.எல். கொலஸ்ட்ரால், எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்று இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருப்பது ஒரே கொலஸ்ட்ரால்தான். அணு ஒன்றுகூட மாறாத அதே மூலக்கூறுதான். எந்தத் துகளில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே அவ்வரிகள் கூறுகின்றன. எல்லாச் செல்களின் சவ்வுக்கும், பித்த அமிலங்களுக்கும், ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் வேண்டிய அந்தப் பொருளை நம் உடலே பெருமளவில் தயாரித்துக்கொள்கிறது. அதைக் கெட்டது என்று சிவப்பில் அச்சிடுவது பொருந்தாது.

இனி இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். உண்ட கொழுப்பு குடலில் செரித்து, குடல் சுவரின் செல்களுக்குள் சென்றதும், அங்கே மீண்டும் டிரைகிளிசரைடாகக் கட்டப்பட்டு, கைலோமைக்ரான் என்னும் பெரிய துகள்களாக உருவெடுக்கிறது. எல்.டி.எல். துகளின் விட்டம் ஏறத்தாழ 22 நானோமீட்டர். கைலோமைக்ரான் 75 நானோமீட்டரில் தொடங்கிப் பல நூறு நானோமீட்டர் வரை இருக்கும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குடலில் இருந்து நேரே கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் ஏறுகின்றன. கைலோமைக்ரானோ அந்த நுண்நாளங்களின் சுவரைக் கடக்க முடியாத பருமன் உடையது என்பதால், நிணநீர்க் குழாய்களில் நுழைந்து, நெஞ்சுக்கூட்டின் வழியே மேலேறி, கழுத்தின் இடப்புற அடியில் உள்ள பெரிய சிரையில் வந்துதான் இரத்தத்தோடு சேர்கிறது. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் இந்தப் பாதையால், உணவின் கொழுப்பு முதலில் தசைக்கும், கொழுப்புத் திசுவுக்கும், இதயத்துக்கும் கிடைக்கிறது. எஞ்சியதே கல்லீரலுக்குப் போகிறது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. கைலோமைக்ரானின் அடிப்படைப் புரதம் அப்போ பி-48. கல்லீரல் தயாரிக்கும் துகள்களின் அடிப்படைப் புரதம் அப்போ பி-100. இரண்டுக்கும் மரபணு ஒன்றே. கல்லீரலில் அந்த மரபணுச் செய்தி முழுவதுமாகப் படிக்கப்பட்டு, 4536 அமினோ அமிலங்கள் கொண்ட நெடிய புரதம் உருவாகிறது. குடல் செல்லில் அந்தச் செய்தியின் ஓர் எழுத்து மட்டும் திருத்தப்பட, அந்த இடமே முற்றுப்புள்ளியாகி, 2152 அமினோ அமிலங்களோடு புரதம் நின்றுவிடுகிறது. முழு நீளத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடு என்பதால்தான் அதற்கு அந்த எண்.

கைலோமைக்ரான்கள் இரத்தத்தில் சேர்ந்ததும், தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்நாளங்களின் உட்சுவரில் காத்திருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் நொதி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. துகளின் மேலுள்ள அப்போ சி-2 என்ற சிறு புரதம் இருந்தால்தான் அந்த நொதி இயங்கும். அது டிரைகிளிசரைடை உடைத்து, வெளிவரும் கொழுப்பு அமிலங்களைப் பக்கத்தில் உள்ள செல்களுக்கு விடுகிறது. உணவுக்குப் பின் இன்சுலின் உயரும்போது கொழுப்புத் திசுவில் இந்நொதி கூடுகிறது. ஆகவே சேமிப்புக்குப் போவது அதிகமாகிறது. வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் அங்கே அது குறைந்து, தசைக்கும் இதயத்துக்கும் போவது அதிகமாகிறது. சுமையின் பெரும்பகுதியை இறக்கிய பிறகு சுருங்கி நிற்கும் எச்சத் துகளை, அதன் மேலுள்ள அப்போ இ புரதத்தை அடையாளம் கண்டு கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இந்தப் போக்குவரத்தின் வேகம் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். பெரியவர் ஒருவரின் உடலில் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று அறிக்கை சொன்னால், இரத்தத்தில் அந்த வேளையில் இருப்பது வெறும் 3 கிராம். ஒருவர் ஒரு நாளில் 60 கிராம் கொழுப்பு உண்டால், அது அத்தனையும் இந்தச் சிறிய அளவுக்குள் நுழைந்து வெளியேறியாக வேண்டும். கைலோமைக்ரானில் உள்ள டிரைகிளிசரைடு சில நிமிடங்களில் இறக்கப்பட்டுவிடுவதால்தான் அது நடக்கிறது. உண்ட கொழுப்பு அப்படியே குழாயில் தங்கிப் படிகிறது என்ற சித்திரம் இந்தக் கணக்கோடு ஒத்துவருவதில்லை.

இறக்கப்படாமல் தேங்கினால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். வழக்கமாக வெளிர்மஞ்சளாக, அடியில் உள்ள எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் சீரம், டிரைகிளிசரைடு மிகுந்தவருடைய குழாயில் வெண்மையாகக் கலங்கி, ஒளியை மறைத்து நிற்கும். அந்தக் குழாயை அசைக்காமல் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் காலை இரண்டில் ஒன்றைக் காணலாம். மேலே ஏடு படிந்து, கீழே திரவம் தெளிந்திருந்தால், மிதந்து வந்தவை கைலோமைக்ரான்கள். ஏடு இல்லாமல் திரவம் முழுவதும் கலங்கலாகவே இருந்தால், அவை கல்லீரல் அனுப்பிய வி.எல்.டி.எல். (மிகக் குறைந்த அடர்த்தி லிப்போபுரோட்டீன்) துகள்கள், சிறியவை என்பதால் அவை மேலே வந்து சேர்வதில்லை. இரண்டும் ஒருங்கே இருக்கும் மாதிரிகளும் வருவதுண்டு. நவீனக் கருவிகள் வந்த பிறகு இந்தச் சோதனைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது என்றாலும், கொழுப்பு இரத்தத்தில் துகள்களாகவே பயணிக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியாது. டிரைகிளிசரைடு 1000 மில்லிகிராமைத் தாண்டும் இத்தகைய நிலையில் உடனடி ஆபத்து தமனிக்கு அன்று, கணையத்துக்கு. திடீர்க் கணைய அழற்சி உயிருக்கே உலை வைக்கக்கூடியது. கட்டுரை இதைக் குறிப்பிடவே இல்லை.

உணவு இல்லாத நேரத்திலும் போக்குவரத்து நிற்பதில்லை. கல்லீரல் தன்னிடம் உள்ள டிரைகிளிசரைடையும் கொலஸ்ட்ராலையும் வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த டிரைகிளிசரைடு முழுவதும் உண்ட கொழுப்பில் இருந்து வந்ததன்று. கொழுப்புத் திசு அவிழ்த்துவிட்டு, ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கல்லீரலுக்கு வந்த கொழுப்பு அமிலங்களும், மிதமிஞ்சிய சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே தயாரித்த கொழுப்பும் அதில் அடங்கும். மதுவும் அதைப் பெருக்கும். கொழுப்பையே தொடுவதில்லை, எனினும் டிரைகிளிசரைடு ஏன் இவ்வளவு என்று அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வி.எல்.டி.எல். துகளும் அதே லைப்பேஸ் நொதியிடம் சுமையை இறக்கி இறக்கிச் சுருங்குகிறது. அவ்வாறு சுருங்கியவற்றில் ஒரு பகுதியைக் கல்லீரல் திரும்ப எடுத்துக்கொள்ள, எஞ்சியவை டிரைகிளிசரைடு பெரிதும் இழந்து, கொலஸ்ட்ராலே முதன்மைச் சுமையாகக் கொண்ட எல்.டி.எல். துகள்களாகின்றன. ஆக, எல்.டி.எல். என்பது கொழுப்பை வினியோகித்து முடித்த துகளின் கடைசி வடிவம். அதைத் தீயது என்று முத்திரை குத்துவதைக் காட்டிலும், வேலை முடிந்தும் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பது என்று சொல்வதே பொருத்தம். கைலோமைக்ரானுக்கு நிமிடங்கள் என்றால் எல்.டி.எல்.லுக்கு நாட்கள், இரண்டு மூன்று நாட்கள் அது இரத்தத்தில் இருக்கும். பிளாஸ்மாவில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு அதில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு விரைவில் அது அகற்றப்படுகிறது என்பதே இரத்தத்தில் அதன் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதைக் கண்டறிந்தவர்கள் டல்லாஸில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவர். குழந்தைப் பருவத்திலேயே மாரடைப்பு வரும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த, பரம்பரையாக வரும் ஒரு நோயை அவர்கள் ஆராய்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில், அந்நோயாளிகளின் தோலில் இருந்து எடுத்து வளர்த்த செல்களையும், நோயற்றவர்களின் செல்களையும் ஒப்பிட்டபோது, எல்.டி.எல். கிடைத்ததும் நோயற்ற செல்கள் தமது கொலஸ்ட்ரால் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. நோயாளியின் செல்களோ எதுவும் நடக்காததுபோல் தயாரித்துக்கொண்டே இருந்தன. செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பி அவர்களிடம் இல்லை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஏற்பி துகளைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடங்கள் என, தன் ஆயுளில் நூறு முறைக்கு மேல் அது இவ்வாறு சென்று திரும்பும். இந்தக் கண்டுபிடிப்புக்காக அவ்விருவருக்கும் 1985ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரும்பாலான செல்களில் இந்த ஏற்பி உண்டு என்றாலும், கல்லீரலே தலைமை இடம் என்பது 1984இல் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையால் ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. இந்நோயின் கடுமையான வடிவத்தால் இதயம் பழுதடைந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இதயத்தோடு கல்லீரலும் சேர்த்து மாற்றப்பட்டது. டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் இருந்த அவளது கொலஸ்ட்ரால், புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் ஏறத்தாழ 300க்கு இறங்கியது. மாற்றப்பட்ட இரண்டு உறுப்புகள் தவிர, உடலின் மற்ற செல்களில் குறை அப்படியே இருந்தது. கொலஸ்ட்ராலை இறக்கியது புதிய கல்லீரலே.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கும் விடை இந்த ஏற்பிதான். கொலஸ்ட்ரால் தயாரிப்பின் முக்கிய நொதியை ஸ்டாட்டின் தடுக்கும்போது, கல்லீரல் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை ஏற்படுகிறது. அதை ஈடுகட்ட அந்தச் செல் கூடுதலாக எல்.டி.எல். ஏற்பிகளைத் தயாரித்து மேற்பரப்பில் நிறுத்துகிறது. இரத்தத்தில் இருந்த துகள்கள் கல்லீரலுக்குள் போய்ச் சேர்கின்றன. மருந்து கொழுப்பைக் கரைப்பதில்லை. துகளை வெளியேற்றும் கதவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையில் இருந்து இவ்வகையின் முதல் பொருளைக் கண்டெடுத்தார். முதல் மாத்திரை 1987இல் ஒப்புதல் பெற்றது. 2003இல் அடையாளம் காணப்பட்ட பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அது ஏற்பியோடு ஒட்டிக்கொண்டால், ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்பாமல் உள்ளேயே அழிக்கப்படுகிறது. பிறவியிலேயே இப்புரதம் சரிவர இயங்காதவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எல்.டி.எல். குறைவாகவும், மாரடைப்பு மிக அரிதாகவும் இருப்பது தெரியவந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் உள்ளன. நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவு எல்.டி.எல்.லை உயர்த்துவதும் பெரிதும் கல்லீரலின் இந்த ஏற்பிகளைத் தளரச் செய்வதன் மூலமே தவிர, உண்ட கொழுப்பே எல்.டி.எல்.லாக மாறி ஓடுவதால் அன்று.

தமனிக்குள் நடப்பதும் கட்டுரையில் சொன்னதைப் போன்றதன்று. பாசி குழாயின் உட்பரப்பில் படியும். கொழுப்பு தமனியின் உட்பரப்பில் படிவதில்லை. அந்த உட்பரப்புக்குக் கீழே, சுவரின் உள்ளடுக்குக்குள் அது சேர்கிறது. சுமார் 70 நானோமீட்டருக்கும் சிறிய, அப்போ பி தாங்கிய துகள்கள் அந்த மெல்லிய படலத்தைக் கடந்து உள்ளே போய் வருகின்றன. சில, அங்குள்ள சர்க்கரைப் புரத வலையில் மாட்டிக்கொண்டு, வேதி மாற்றம் அடைந்து, அழற்சியைத் தூண்டுகின்றன. அவற்றை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்கள் கொழுப்பால் நிரம்பி அங்கேயே தங்கிவிட, ஆண்டுக்கணக்கில் சுவர் தடிக்கிறது. பெரும்பாலான மாரடைப்புகளில் தமனி மெல்ல மெல்ல அடைபட்டு மூடுவதில்லை; தடித்த அந்தப் பகுதியின் மூடி கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் அடைப்பு ஏற்படுகிறது. முந்தைய நாள் வரை படியேறி இறங்கியவருக்கு எப்படி வந்தது என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு, குழாயில் பாசி என்ற உவமையால் விடை சொல்ல முடியாது.

எத்தனை துகள்கள் சுவருக்குள் நுழைய முயல்கின்றன என்பதே இங்கு முக்கியம். ஒவ்வொரு வி.எல்.டி.எல்., எல்.டி.எல். துகளிலும் அப்போ பி மூலக்கூறு ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; துகள் பிறந்தது முதல் மறைவது வரை அது மாறாது. ஆகவே அப்போ பி-யை அளந்தால் துகள்களை எண்ணியதாகவே கொள்ளலாம். கொலஸ்ட்ராலை அளப்பது அவ்வாறன்று. டிரைகிளிசரைடு மிகுந்தவரின் இரத்தத்தில், சி.இ.டி.பி. என்ற புரதம் வி.எல்.டி.எல்.லில் இருந்து டிரைகிளிசரைடை எல்.டி.எல்.லுக்கும் எச்.டி.எல்.லுக்கும் கொடுத்து, அவற்றின் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. பின்னர் அந்த டிரைகிளிசரைடும் உடைக்கப்பட, துகள்கள் சிறுத்துவிடுகின்றன. இதனால், எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 110 என்று ஒரே எண்ணைக் காட்டும் இருவரில், டிரைகிளிசரைடு கூடியவரிடம், குறைந்த கொலஸ்ட்ராலைச் சுமக்கும் சிறிய துகள்கள் அதிக எண்ணிக்கையில் இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படும் நிலை. எண் இயல்பாக இருக்கிறது என்று அவர்கள் நிம்மதி அடைவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

மூன்றாவது கருத்துதான் இக்கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது. எச்.டி.எல்.லின் பணி உண்மையானது. அப்போ ஏ-1 புரதத்தைச் சுற்றி உருவாகும் இச்சிறு துகள், ஏ.பி.சி.ஏ.1 என்ற கடத்தியின் வழியே செல்கள் வெளியேற்றும் உபரிக் கொலஸ்ட்ராலை ஏற்றுக்கொண்டு, நேரடியாகவோ பிற துகள்களுக்கு மாற்றிக்கொடுத்தோ கல்லீரலுக்குச் சேர்ப்பிக்கிறது. கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை எரித்துச் சிதைக்க மனித உடலுக்கு வழி இல்லை. கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேற்றுவதே முதன்மை வழி. அந்தக் கடத்தி பழுதடைந்தால் என்ன ஆகும் என்பதை, 1961இல் அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் உள்ள டாஞ்சியர் தீவைச் சேர்ந்த உடன்பிறந்த இரு குழந்தைகளிடம் டொனால்டு ஃபிரெட்ரிக்சன் குழுவினர் கண்டார்கள்: எச்.டி.எல். அநேகமாக இல்லை, தொண்டையின் டான்சில்கள் கொலஸ்ட்ரால் நிரம்பி ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தன.

ஆயினும், எச்.டி.எல். எண்ணை உயர்த்தினால் இதயம் காக்கப்படும் என்பது சோதனையில் தேறவில்லை. மேலே சொன்ன சி.இ.டி.பி.யைத் தடுக்கும் டார்செட்ரபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியது. ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த ஆய்வு, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பக்கவிளைவு இல்லாத டால்செட்ரபிப் எச்.டி.எல்.லை உயர்த்தியும் பயன் தராமல் 2012இல் கைவிடப்பட்டது. எச்.டி.எல்.லைக் கூட்டும் நியாசினை ஸ்டாட்டினோடு சேர்த்து 25,000க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த ஆய்விலும் மாரடைப்பு குறையவில்லை. பிறவியிலேயே சற்றுக் கூடுதலான எச்.டி.எல். தரும் சில மரபணு வேறுபாடுகளும் பாதுகாப்பு அளிக்கவில்லை. எச்.டி.எல். குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது மெய்தான். ஆனால் டிரைகிளிசரைடு கூடும்போது, நான் முன்னர் விளக்கிய பரிமாற்றத்தின் விளைவாக எச்.டி.எல். தானே இறங்கிவிடுகிறது. குறைந்த எச்.டி.எல். பல நேரங்களில் வேறொரு கோளாறின் அறிகுறி. தமனிச் சுவருக்குள் நுழையும் அப்போ பி துகள்களின் எண்ணிக்கையை, எச்.டி.எல். 70 என்று அறிக்கையில் இருப்பது ஒன்றுகூடக் குறைப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லால் வகுத்துக் கட்டுரையாளர் தந்திருந்த விகிதமும் ஒருவரின் ஆபத்தைக் கணிக்க உதவலாமே ஒழிய, உயர்ந்த எல்.டி.எல்.லை அது ஈடுகட்டிவிடாது.

அறிக்கையின் எண்களைப் பற்றி ஒன்று. பல ஆய்வகங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, 1972இல் ஃப்ரீடுவால்டும் அவருடைய சகாக்களும் வகுத்த வாய்பாட்டால் கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் வி.எல்.டி.எல். எனக் கருதிக் கழித்தால் வருவது எல்.டி.எல். மொத்தம் 200, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150 என்றால் எல்.டி.எல். 130. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்த வாய்பாடு செல்லாது. மொத்தம் 240, எச்.டி.எல். 30, டிரைகிளிசரைடு 900 என வந்த ஒரு மாதிரிக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: எல்.டி.எல். 30 என்று விடை வரும். குழாயில் சீரம் வெண்மையாகக் கலங்கி நிற்க, தங்கள் கட்டத்தின்படி அந்த மனிதர் பச்சையில் இருப்பார். மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 210 வருகிறது. அப்போ பி தாங்கிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் அதுவே. தனிக் கட்டணமோ வேறு பரிசோதனையோ இன்றி, கையிலுள்ள அறிக்கையிலேயே எவரும் போடக்கூடிய கழித்தல் இது. வெறும் வயிற்றில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று கட்டுரை வலியுறுத்துவதும் இன்று பொதுவிதி அன்று. 2016இல் ஐரோப்பிய வல்லுநர் குழுக்கள் வழக்கமான பரிசோதனைக்கு அது தேவையில்லை என்று அறிவித்தன. டிரைகிளிசரைடு மிகக் கூடியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுமுறை பார்ப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்தக் கட்டத்தை மறுமுறை வெளியிடும்போது வண்ணங்களை எடுத்துவிட்டு, எச்.டி.எல். நீங்கலான கொலஸ்ட்ரால் என்று ஒரு வரியைச் சேர்த்து, டிரைகிளிசரைடு 400க்கு மேல் இருந்தால் கணக்கிட்ட எல்.டி.எல்.லை நம்ப வேண்டாம் என்ற குறிப்பையும் அச்சிட வேண்டும். மற்றொன்று சற்று அவசரமானது. முதல் இரண்டு கருத்துகளைத் திருத்த அடுத்த கட்டுரை வரை காத்திருக்கலாம். அவற்றால் எவருக்கும் உடனடிக் கேடு இல்லை. மூன்றாவது கருத்தைப் படித்துவிட்டு, தமக்கு எச்.டி.எல். நன்றாக இருக்கிறதே என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தக்கூடியவர்கள் இருக்கிறார்கள். எனவே அதற்கு மட்டும், அதே நலவாழ்வுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரும் வாரமே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர் ஒருவர்